நாமினி சீட்

வெள்ளியங்கிரி முப்பது வருஷம் இன்சூரன்ஸ் ஏஜென்டாக இருந்தவர். சிங்காநல்லூர், ஒண்டிப்புதூர் பக்கம் அவரிடம் பாலிசி எடுக்காத குடும்பம் குறைவு. பேர், வயது, சர்க்கரை, பிரஷர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கடைசியில் குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, "நாமினி யாருங்க?" என்பார். அந்தக் கேள்வியில்தான் குடும்பத்தின் குட்டு வெளிப்படும் என்பது அவர் அனுபவம். சில வீடுகளில் பட்டென்று மனைவியின் பெயர் வரும். சில வீடுகளில் "அம்மா பேரையே போடுங்க" என்று சொல்லிவிட்டு, ஆள் சமையலறைப் பக்கம் பயந்து பார்ப்பான். வெள்ளியங்கிரி அவனுக்கு ஆறுதல் சொல்வார். "இப்ப யார் பேர வேணா போடுங்க. எப்ப வேணா மாத்திக்கலாம். கடைசியா எழுதுன பேருதான் செல்லும்."

அந்தக் கேள்வி ஒருநாள் காருக்குள் ஏறி உட்காரும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

ஸ்டியரிங்குக்கும் சக்கரத்துக்கும் நடுவே இரும்புத் தண்டு இருந்ததெல்லாம் அப்போதே பழங்கதையாகியிருந்தது. ஸ்டியரிங், பிரேக், கதவு, கண்ணாடி எல்லாமே ஒயர்தான். ஒயரில் கரண்ட் நின்றால் கார் வெறும் தகரப் பெட்டி. அந்த நேரத்துக்கென்று ஒவ்வொரு காரிலும் டிபன் பாக்ஸ் அளவில் தனி பேட்டரி ஒன்று இருக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. அது கொஞ்ச நேரம் பிரேக்கைப் பிடிக்கும். மிச்சமுள்ள சக்தியில் ஒரே ஒரு சீட்டுக்கு 'அணைப்பு' கொடுக்கும். அணைப்பு என்றால் பழைய காலத்து ஏர்பேக் மாதிரி டமாரென்று வெடிக்கிற சமாச்சாரம் இல்லை. பெல்ட் ஆளை இழுத்துச் சீட்டோடு சேர்க்கும். தலை, மார்பு, விலா, முழங்கால் என்று எல்லாப் பக்கமிருந்தும் காற்று மெத்தைகள் எழும்பி வந்து பொத்திக்கொள்ளும். கரண்ட் இருக்கும்வரை எல்லாச் சீட்டுக்கும் அது உண்டு. கரண்ட் போய்விட்டால் ஒருவருக்கு மட்டும். விலை உயர்ந்த மாடல்களில் நான்கு பேட்டரி இருந்தது. அவற்றை வாங்க முடிந்தவர்கள் குடும்பத்தோடு பிழைத்துக்கொள்ளலாம்.

அந்த ஒரு சீட் எது என்பதை வாங்குகிறவரே சொல்ல வேண்டும். கம்பெனி சொன்னால் வழக்கு வரும், அரசாங்கம் சொன்னால் ஓட்டுப் போகும். காகிதத்தில் அதற்கு 'முன்னுரிமை இருக்கை' என்று பெயர். ஜனங்கள் நாமினி சீட் என்றார்கள். அந்தச் சீட்டின் பெல்ட் கொக்கிக்குப் பக்கத்தில் பச்சையாக ஒரு குட்டி விளக்கு எரியும்.

அந்த விளக்கு குடும்பங்களில் செய்த வேலை கொஞ்சநஞ்சமில்லை. மாமியார்கள் காரில் ஏறியதும் விளக்கு யார் பக்கம் என்று பார்த்துவிட்டுத்தான் சாய்ந்து உட்கார்ந்தார்கள். சம்பந்தம் பேசப் போன இடத்தில், பையன் வீட்டுக் காரில் விளக்கு எங்கே எரிகிறது என்று நைசாக விசாரித்தார்கள். சம்பளத்துக்கு ஓட்டிய டிரைவர்களின் பக்கம் மட்டும் அது எரிந்ததே இல்லை. அவர்கள் ஒருமுறை அவிநாசி ரோட்டில் ஊர்வலம் போனார்கள். முதலாளிகள் பரிதாபப்பட்டுவிட்டு, விளக்கைப் பின்சீட்டிலேயே விட்டுவைத்தார்கள்.

வெள்ளியங்கிரிக்கு ஒரே மகள். தாரணி. பம்ப் கம்பெனி ஒன்றில் டிசைன் வேலை பார்த்தாள். அம்மா இறந்தபின், அப்பாவைத் தனியே விடமாட்டேன் என்று தன் வீட்டுக்கே கூட்டிவந்துவிட்டாள். மகள் வீட்டில் சாப்பிடுகிற கூச்சம் அவருக்கு முதலில் இருந்தது. மாப்பிள்ளை நிரஞ்சன் கல்லூரியில் வேதியியல் வாத்தியார், அதிகம் பேசாதவன். வந்த மறுநாள் காலை, "மாமா, உங்களுக்குக் காபில சர்க்கரை எவ்வளவுங்க?" என்று கேட்டான். அதிலிருந்து தினமும் அவன்தான் காபி போட்டான். கூச்சம் தானாகப் போய்விட்டது.

தாரணி கார் வாங்கினாள். நடுத்தர மாடல், ஒரே பேட்டரி. ஷோரூமில் மாலை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. ஏறி உட்கார்ந்ததும் கார் ஒரு பெண் குரலில் கேட்டது.

"முன்னுரிமை இருக்கை எது?"

"முன்னாடி இடது பக்கம். எங்கப்பா சீட்டு" என்றாள் தாரணி.

"ஏங்கண்ணு, ஓட்டறவ நீ. உனக்கு வெச்சுக்க" என்றார் வெள்ளியங்கிரி.

"சும்மா இருங்கப்பா. நல்ல நேரம் போகுது."

"மாப்பிள்ளை, நீங்களாச்சும் சொல்லுங்க."

நிரஞ்சன் சிரித்தான். "நான் பின்னாடி உக்கார்றவனுங்க மாமா. எனக்கு ஓட்டே கிடையாது."

வெள்ளியங்கிரியின் இடுப்புக்குப் பக்கத்தில் பச்சை விளக்கு எரிந்தது. எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. வீடு வந்து சேரும்வரை அந்த விளக்கு அவரை உறுத்திக்கொண்டே இருந்தது. எழுபதை நெருங்குகிற ஆளை நாமினியாகப் போடுகிற குடும்பத்தை அவர் தம் தொழிலில் பார்த்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தாரணி உழவர் சந்தைக்குள் போயிருந்தபோது அவர் காரில் தனியாக இருந்தார். காரின் முன்பக்கம் இருந்த தொடுதிரைக்குக் குடும்பத்தார் எல்லாருடைய விரல் ரேகையும் தெரியும். விரலை வைத்து, யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றிலும் பார்த்துக்கொண்டு, "டிரைவர் சீட்டுக்கு மாத்து" என்றார்.

"உறுதி செய்யவும்" என்றது கார்.

"உறுதிதான். எம்பொண்ணுக்குத்தான்."

விளக்கு அந்தப் பக்கம் போனது. அப்போதுதான் அவருக்கு உறைத்தது: தாரணி உட்கார்ந்ததும் பார்த்துவிடுவாள். பக்கத்துக் கடைக்கு ஓடிப்போய் வெள்ளை டர்க்கி டவல்கள் வாங்கி வந்து, முன்சீட் இரண்டிலும் விரித்து, கொக்கி வரை இழுத்து, விளக்கு மறையும்படி செருகிவிட்டார்.

கீரைக்கட்டோடு வந்த தாரணி கதவைத் திறந்து அப்படியே நின்றாள். "என்னப்பா இது, தாசில்தார் ஜீப்பு மாதிரி பண்ணி வெச்சிருக்கீங்க?"

"புது சீட்டு அழுக்காயிரும் சாமி."

அவள் துண்டையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு சிரித்துக்கொண்டே ஏறினாள். அன்றிலிருந்து துண்டு நழுவினால் இழுத்துச் செருகுவது வெள்ளியங்கிரியின் வேலையாயிற்று. தூக்கி மட்டும் பார்க்கமாட்டார். தூக்கினால் குட்டு உடைந்துவிடும். வேலை முடிந்தது, இனி கவலை இல்லை என்று நிம்மதியாக இருந்தார்.

மழைக்காலத்தில் எலி வந்தது. போர்டிகோவில் நிற்கிற கார்களில் எலி ஏறி ஒயரைக் கடிப்பது புதுசில்லை. பேனட்டுக்குள் புகையிலை வைத்தால் அண்டாது என்று எல்லாரும் சொன்னார்கள், வெள்ளியங்கிரியும் வைத்தார். அந்த எலிக்குப் புகையிலை வாசம் பிடித்துப்போயிருக்க வேண்டும்.

கோத்தகிரியில் ஒரு கல்யாணம். நிரஞ்சனுக்குப் பரீட்சை வேலை, அவன் வரவில்லை. அப்பாவும் மகளும் சாப்பிட்டுவிட்டு மத்தியானம் ஊருக்குத் திரும்பக் கிளம்பினார்கள். குஞ்சப்பனை தாண்டி மலைப்பாதையில் இறங்கும்போது பாட்டு பாதியில் நின்றது. திரை அணைந்தது. தாரணி ஸ்டியரிங்கைத் திருப்பினாள், அது கையோடு சும்மா சுற்றியது.

"அப்பா, கெட்டியாப் புடிச்சுக்குங்க."

அவள் பேசிய கடைசிப் பேச்சு அது. பேட்டரி பிரேக்கைப் பிடித்தது. வேகம் குறைந்தது, ஆனால் பாறை அதற்குள் வந்துவிட்டது. பெல்ட் இழுத்தது, மெத்தைகள் எழும்பின. எழும்பியது வெள்ளியங்கிரியைச் சுற்றி. முகத்தை மூடிய அந்த மெத்தைக்குள்ளிருந்து அவர், "இங்க இல்ல, அங்க, அங்க" என்று கத்தினார். அது யாருக்கும் கேட்கவில்லை. மெத்தைகள் காற்றுப் போய்ச் சுருங்கியபோது அவருக்கு ஒரு விலா எலும்பு விரிசல் விட்டிருந்தது. அவள் பக்கம் எதுவும் எழும்பியிருக்கவில்லை.

எரிகிற வீட்டிலிருந்து தன்னை மட்டும் தூக்கி வெளியே வைத்துவிட்டார்கள் என்றுதான் அவருக்கு இருந்தது. சாவுக்கு வந்தவர்கள் "நீங்களாவது பொழச்சீங்களே" என்று சொன்னபோதெல்லாம் எழுந்து வெளியே போனார். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அவர் நிரஞ்சனைக் கூப்பிட்டார்.

"மாப்பிள்ளை, நான் நாமினிய மாத்தி வெச்சிருந்தேன். என் கையால. எம்பொண்ணு சீட்டுக்கு. கார் மாத்திக் குடுத்திருக்குது. இத நான் விடமாட்டேன்."

நிரஞ்சன் அவரை நிமிர்ந்து பார்த்தான். "சரிங்க மாமா" என்று மட்டும் சொன்னான்.

வழக்கு வாகன விசாரணை மன்றத்துக்குப் போயிற்று. ஒயரை எலி கடித்ததற்கு நாங்கள் பொறுப்பல்ல என்றது கம்பெனி. எலி கடித்தது கடிக்கட்டும், பேட்டரி ஏன் ஆள் மாற்றியது என்று கேட்டார் வெள்ளியங்கிரி. காருக்குள் ஒரு கருப்புப் பெட்டி இருந்தது. சீட் மாற்றிய விவரம் அதில் இருக்கும். ஆனால் இறந்தவளின் குரலும் அதில் இருப்பதால், கணவன் கையெழுத்துப் போட்டால்தான் திறக்கலாம் என்றது சட்டம். நிரஞ்சன் போடவில்லை.

"எனக்கு மனசில்லைங்க மாமா" என்றான். திரும்பத் திரும்பக் கேட்டும் அதையேதான் சொன்னான்.

மனசில்லையா, கம்பெனிக்காரன் ஏதாவது கொடுத்தானா என்ற சந்தேகம் வெள்ளியங்கிரிக்கு வந்தது. வந்த சந்தேகத்தை அவர் அடக்கியும் வைக்கவில்லை, இரண்டு மூன்று சொந்தக்காரர்களிடம் சொன்னார். அது நிரஞ்சன் காதுக்கும் போயிற்று. மறுநாள் காலையும் காபி வந்தது, சர்க்கரை சரியாக இருந்தது. ஒரே வீட்டில் இரண்டு ஆண்கள், நடுவில் இருந்தவள் இல்லை. இனி எந்த உறவைச் சொல்லி இங்கே தங்குவது என்று வெள்ளியங்கிரிக்குத் தெரியவில்லை. வழக்கு இருக்கிறது என்பதுதான் தங்குவதற்கு இருந்த ஒரே காரணம்.

கணவன் சம்மதிக்காவிட்டாலும் மன்றமே உத்தரவு போட்டுப் பெட்டியைத் திறக்கலாம் என்று ஒரு வழி இருந்தது. அதற்கான விசாரணை நாளில் இருவரும் ஒரே டவுன் பஸ்ஸில் வந்தார்கள். ஒருவர் முன்னால், ஒருவர் பின்னால் உட்கார்ந்து வந்தார்கள்.

மன்றத் தலைவர் ஓய்வுபெற்ற நீதிபதி ஒரு அம்மாள். பக்கத்தில் மன்றத்தின் தொழில்நுட்ப அதிகாரி ஷெரின், மேசைமேல் அந்தப் பெட்டி. செங்கல் அளவுகூட இல்லை.

"அய்யா, நீங்க மாத்தினது உறுதியா?" என்று கேட்டாள் ஷெரின்.

"உறுதிங்க. வெளக்கு அந்தப் பக்கம் போனதப் பாத்தேன். நான் முப்பது வருசம் நாமினி எழுதுனவனுங்க. கடைசியா எழுதுனதுதான் செல்லும். அதை மாத்திக் குடுக்க இந்தக் காருக்கு என்ன அதிகாரம்?"

ஷெரின் அதைக் குறித்துக்கொண்டாள். தலைவர் அம்மாள் டீ இடைவேளை விட்டார்.

கேன்டீனுக்குப் போகிற வழியில் வேப்பமரத்தடியில் நிரஞ்சனும் ஷெரினும் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். வெள்ளியங்கிரி தூணுக்கு இந்தப் பக்கம் நின்றார். ஒட்டுக்கேட்பது அவர் பழக்கமில்லை, ஆனால் கால் நகரவில்லை.

"மேடம், தயவுசெஞ்சு திறக்க வேண்டாம்னு எழுதிருங்க" என்றான் நிரஞ்சன். "வழக்கு தோத்தாலும் பரவாயில்லைங்க."

"நான் அப்படி எழுத முடியாது சார். அவர் இவ்வளவு உறுதியா சொல்றார்."

வெள்ளியங்கிரிக்கு ரத்தம் தலைக்கேறியது. நேரே போய் அவன் முன்னால் நின்றார். ஷெரின் ஒதுங்கிப் போனாள்.

"எவ்வளவு குடுத்தானுங்க மாப்பிள்ளை?"

நிரஞ்சன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"கேக்கறேனில்ல. எம்பொண்ணு உசுருக்கு என்ன வெல போட்டீங்க?"

அத்தனை நாளில் நிரஞ்சன் அழுது அவர் பார்த்ததில்லை. சுடுகாட்டில்கூட இல்லை. இப்போது அவன் வேப்பமரத்தில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு அழுதான்.

"கார் மாத்தலைங்க மாமா. அவதான் மாத்துனா."

"யாரு?"

"தாரணிதானுங்க. நீங்க துண்டு வாங்கிப் போட்ட அன்னிக்கே அவளுக்குத் தெரிஞ்சுபோச்சு. அன்னிக்கு ராத்திரி வந்து சிரிச்சா. 'எங்கப்பா பாலிசியத் திருத்திட்டு மறைக்கறாரு பாரு'ன்னா. மறுநாளே திரும்ப உங்களுக்கே மாத்தி வெச்சுட்டா. துண்டு மேல இருக்கறதால உங்களுக்குத் தெரியாதுன்னு அவளுக்கு ஒரே சந்தோசம். உங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னு எங்கிட்டயும் சத்தியம் வாங்கிட்டா."

டீ விற்றவர் "அய்யா, டீ" என்று நீட்டிய டம்ளரை வெள்ளியங்கிரி வாங்கிக்கொண்டார். வாங்கியதே அவருக்குத் தெரியவில்லை.

"ஏன் எங்கிட்டச் சொல்லலை?"

"சொன்னா நீங்க இருந்திருப்பீங்களா மாமா?"

இருந்திருக்கமாட்டார். விளக்கை மறைக்கத் துண்டு வாங்கிய கையை அன்றைக்கே என்ன செய்திருப்பார் என்று அவருக்குத்தான் தெரியும்.

"மொத மாசம் உங்க மூஞ்சியப் பாக்கவே எனக்குப் புடிக்கலைங்க" என்றான் நிரஞ்சன். "பொய் சொல்ல மாட்டேன். அவ இருக்க வேண்டிய எடத்துல நீங்க உக்காந்து இட்லி சாப்படறீங்கன்னு தோணும். அப்பறம் நீங்க கம்பெனியோட சண்டைக்குக் கெளம்புனீங்க. காலைல குளிச்சுட்டு, சட்டை மாத்திட்டு, பைலைத் தூக்கிட்டுப் போனீங்க. சரி, இந்தக் கோவத்துலயாச்சும் மனுசன் நடமாடறாருன்னு விட்டுட்டேன். அவ குடுத்துட்டுப் போனது நீங்க ஒருத்தர்தான். உங்களையும் விட்டுட்டு நான் அந்த வீட்டுல என்ன பண்ணுவேன்?"

டம்ளரில் டீ ஆறிப்போயிருந்தது. சொந்தக்காரர்களிடம் தான் சொன்னதெல்லாம் வெள்ளியங்கிரிக்கு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. மன்னிப்புக் கேட்க வாய் எடுத்தார். அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

"இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகலைங்க. வழக்க வாபஸ் வாங்கிக்கலாம். பெட்டிய யாரும் திறக்க வேண்டாம்" என்றான் நிரஞ்சன்.

வெள்ளியங்கிரி யோசித்தார்.

"மாப்பிள்ளை, சீட்டு மாத்தறப்ப அது 'உறுதி செய்யவும்'னு கேக்குமில்ல?"

"கேக்குமுங்க."

"அப்ப அவ பதில் சொல்லியிருப்பா."

நிரஞ்சனுக்குப் புரிந்தது. அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"அவ பேசி நான் கேட்டு ஒரு வருசமாகப் போகுது" என்றார் வெள்ளியங்கிரி. "போன்ல இருந்ததெல்லாம் அந்தப் பாறையோட போச்சு. மிச்சம் இந்தப் பெட்டிதான். நீங்க கையெழுத்துப் போடுங்க."

"கேஸ் போயிருமுங்க மாமா."

"போகட்டும்."

இருவரும் உள்ளே போனார்கள். நிரஞ்சன் கையெழுத்துப் போட்டதைக் கம்பெனி வக்கீல் ஆச்சரியமாகப் பார்த்தார். ஷெரின் பெட்டியில் ஒரு கம்பியைச் செருகினாள்.

"இருக்கை மாத்தின நேரத்துல பேசினது மட்டும்தான் இதுல இருக்கும் அய்யா. வேற எதுவும் இருக்காது."

"போதும்மா."

முதலில் நாதஸ்வர இரைச்சல். ஷோரூம் சத்தம். "முன்னாடி இடது பக்கம். எங்கப்பா சீட்டு" என்றது தாரணியின் குரல். பின்னாலேயே "ஏங்கண்ணு, ஓட்டறவ நீ" என்று அவருடைய குரல் சன்னமாகக் கேட்டுப் பாதியில் நின்றது. அடுத்து உழவர் சந்தை, தூரத்தில் யாரோ தக்காளி கூவினார்கள். "உறுதிதான். எம்பொண்ணுக்குத்தான்." தன் குரல் இவ்வளவு திருட்டுத்தனமாக இருக்கும் என்று அவர் நினைத்திருக்கவில்லை.

பிறகு கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. காருக்குள் அமைதி.

"மறுபடியும் எங்கப்பா சீட்டுக்கே மாத்து."

"உறுதி செய்யவும்."

"உறுதிதான். துண்ட விரிச்சு வெச்சுட்டு என்னமோ கெட்டிக்காரத்தனம்னு நெனச்சுட்டிருக்காரு." ஒரு சின்னச் சிரிப்பு. "இந்தா, அவருகிட்டச் சொல்லிராத, என்ன?"

"சரி. சொல்ல மாட்டேன்" என்றது கார்.

பெல்ட் கொக்கி மாட்டுகிற டிக் என்ற ஓசையோடு அது முடிந்தது.

வெள்ளியங்கிரி கண்ணை மூடியிருந்தார். வழிந்த கண்ணீரை அவர் துடைக்கவில்லை. கம்பெனி வக்கீல் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார். குரலில் வருத்தம் இருந்தது, அது உண்மையான வருத்தம்தான். "மன்றம் கவனிக்க வேண்டும். எங்கள் அமைப்பு சொன்னபடியே வேலை செய்திருக்கிறது. தவறு எதுவும் இல்லை."

"ஆமாங்க" என்றார் வெள்ளியங்கிரி. "காரு தப்புப் பண்ணலை. எம்பொண்ணும் தப்புப் பண்ணலை. எலிக்கு என்ன தெரியும், அது பாவம். நான் ஒண்ணே ஒண்ணு கேக்கறனுங்க. நாலு பேரு உக்கார்ற காருல ஒருத்தருக்கு மட்டும் போதும்னு முடிவு பண்ணுனது யாருங்க? அவரு வீட்டுக் காருல எத்தனை பேட்டரி இருக்குது?"

வக்கீல் தம் கோப்பைப் பார்த்தார். தலைவர் அம்மாள் பேனாவை எடுத்தார். "இந்தக் கேள்வி இந்த மனுவில் இல்லை" என்றார் கடைசியில். "ஆனால் பதிவு செய்யப்படட்டும்." மனு தள்ளுபடியானது. ஷெரின் பெட்டியை எடுத்து வைக்கும்போது, அவர் கேட்காமலே, அந்தக் கடைசிப் பகுதியை இன்னொருமுறை ஓடவிட்டாள். விதிப்படி அப்படிச் செய்யக் கூடாது. தலைவர் அம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வெயில் தாழ்ந்திருந்தது. இருவரும் ரோட்டைக் கடந்து பஸ் நிறுத்தத்துக்கு வந்தார்கள். போகிற கார்களையெல்லாம் வெள்ளியங்கிரி பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றிலும் யாரோ ஒருவருடைய இடுப்புக்குப் பக்கத்தில் பச்சையாக எரிந்துகொண்டிருக்கும்.

"மாப்பிள்ளை."

"சொல்லுங்க மாமா."

"அது சொல்லவே இல்லை பாருங்க. தெனமும் அதுலதான் போனேன் வந்தேன். கோயிலுக்கு, ஆஸ்பத்திரிக்கு, கல்யாணத்துக்கு. ஒரு வார்த்தை சொல்லலை. அவகிட்டக் குடுத்த வாக்கக் காப்பாத்திருச்சு."

நிரஞ்சன் தலையசைத்தான்.

டவுன் பஸ் வந்தது. நெரிசலில் முண்டி ஏறினார்கள். டிரைவருக்குப் பின்னால் ஒரே ஒரு சீட் காலியாக இருந்தது. நிரஞ்சன் அதைக் கையால் மறித்துக்கொண்டு திரும்பினான்.

"நீங்க உக்காருங்க மாமா."

'வேண்டாம், நீங்க உக்காருங்க' என்று வழக்கம்போல் வெள்ளியங்கிரியின் வாய் திறந்தது. சீட்டை மறித்திருந்த அவன் கையைப் பார்த்தார். பிறகு மறுபேச்சுப் பேசாமல் போய் உட்கார்ந்துகொண்டார்.